"அப்புறம் என்ன ஆச்சு?": ஹவுஸ் சர்ஜனாகச் சேர்பவர்களுக்கு

நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தபோது எங்கள் மெடிசின் யூனிட்டில் ஓர் உதவிப் பேராசிரியர் இருந்தார். அட்மிஷன் நாளுக்கு மறுநாள் காலை, சீஃப் ரவுண்ட்ஸுக்கு வருவதற்குள் எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்வார்.

"நேத்து ராத்திரி மூச்சு வாங்குதுன்னு ஒரு அம்மா வந்தாங்களே, நீதானே பார்த்தே?"

"ஆமா சார்."

"என்னன்னு நெனச்சே?"

"ஹார்ட் ஃபெயிலியர் சார். லாசிக்ஸ் போட்டு ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினோம்."

"சரி. அப்புறம் என்ன ஆச்சு?"

அங்கேதான் எல்லோரும் விழிப்போம். அந்த அம்மாவை அனுப்பிய கையோடு அடுத்த கேஸ் வந்தது, அதற்கடுத்து இன்னொன்று. விடிந்துவிட்டது. அவர் கோபப்பட மாட்டார். "போய்ப் பார்த்துட்டு வா" என்பார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு இருந்தது சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓராண்டில் ஆயிரம் பேரைப் பார்த்தால் அனுபவம் தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். வராது. முதல் வாரம் செய்த அதே பிழையை ஆயிரம் தடவை செய்து, கை மட்டும் வேகமாகி வெளியே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்த ஒரு காரியத்தின் முடிவைத் திரும்பிப் போய்ப் பார்க்கும்போதுதான் அது பாடமாகிறது. கீழே நான் சொல்லும் நடைமுறைகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மனதில் வைத்து எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

சேரும் முன்

நாலரை ஆண்டுப் படிப்பை முடித்து இறுதித் தேர்வில் தேறியதும் மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். பயிற்சி பெறும் மருத்துவமனைக்குள், மூத்தவர்களின் மேற்பார்வையில் வேலை பார்க்க மட்டுமே அது செல்லும். ஊரில் மாமாவின் கிளினிக்கில் சாயங்காலம் உட்கார்ந்து மருந்து எழுத அதில் இடமில்லை.

பயிற்சி 12 மாதம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறுக்குக் குடும்ப நலத்தையும் சேர்த்து 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் பொது அறுவைக்கும் 6 வாரம் வீதம். மீதி வாரங்கள் குழந்தைகள், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மயக்கவியல், மனநலம், அவசர சிகிச்சை என்று பிரியும். உங்கள் போஸ்டிங் பட்டியலை வாங்கியதும் எந்தத் துறை எப்போது என்று பார்த்து, அந்தத் துறையில் கையால் கற்க வேண்டிய ஐந்து காரியங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு வாரப் போஸ்டிங் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் (0, 1, 6 மாதம்) போட்டாயிற்றா என்று இப்போதே பாருங்கள். பையில் இரண்டு பேனா வேண்டும். ஒன்றை யாராவது கேட்டு வாங்குவார்கள், அது திரும்பாது. டார்ச், ஒரு சின்ன நோட்டு, கடலை மிட்டாய்.

முதல் நாள்: பொருள் எங்கே, ஆள் யார்

வார்டில் கால் வைத்ததும் நோயாளியைத் தேடிப் போகாதீர்கள். முதலில் எமர்ஜென்சி ட்ரேயைத் திறந்து பாருங்கள். அட்ரினலின் எந்தக் கட்டத்தில், டெக்ஸ்ட்ரோஸ் எங்கே, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையின் மாஸ்க் பொருந்துகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் தேட முடியாது. பிளட் பேங்குக்கும் லேபுக்கும் ஒரு தடவை சும்மா நடந்துவிட்டு வாருங்கள். எந்த லிஃப்ட் ஓடுகிறது என்பதும் மருத்துவ அறிவுதான்.

அடுத்து, வார்டு சிஸ்டரிடம் போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இருபது வருஷமாக அந்த வார்டில் நிற்பவர் அவர். "டாக்டர், அந்தப் பத்தாம் பெட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று அவர் சொன்னால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். நான் போகாமல் இருந்து கெட்டதுண்டு. போய் நேரம் வீணானதாக ஒரு நாளும் நினைவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன்மாரிடமும் அப்படியே. கேஷுவால்டிக்குள் வரும் ஆளின் முகத்தைப் பார்த்தே "இது சீரியஸ் சார்" என்று சொல்லிவிடுவார்கள்.

கை வேலை: ஊசியில் தொடங்குங்கள்

உங்கள் முதல் மாதத்தின் பாதி நேரம் நரம்பு தேடுவதில் போகும். ஊரில் நரம்பு என்றுதான் சொல்வார்கள், நமக்குச் சிரை. ஐ.வி. கேனுலா (சிரைக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போடுவதை ஒழுங்காகக் கற்றால் மற்ற கை வேலைகளைக் கற்கும் முறையும் பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நிறம். பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் ஏற ஏறக் குழாய் மெலியும். விபத்தில் ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்குப் பச்சையோ அதைவிடப் பெரிய சாம்பல் நிற 16ஓ வேண்டும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள். அவசரத்தில் கையில் கிடைத்த நீலத்தைப் போட்டுவிட்டு, "லைன் போட்டாச்சு" என்று நிம்மதியாக நிற்காதீர்கள். அந்தக் குழாயில் ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும்.

அடுத்து இடம். எந்தக் கை என்று நோயாளியையே கேளுங்கள்: "போன தடவை எந்தக் கையில சுலபமா கிடைச்சுது?" பலருக்குத் தெரியும். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் ஊசியும் வேண்டாம், பிபி பட்டையும் வேண்டாம். சிறுநீரகம் பழுதாகி வருபவருக்கு, ஃபிஸ்டுலா இன்னும் வைக்காவிட்டாலும், முன்கைச் சிரைகளைக் காப்பாற்றுங்கள். புறங்கையில் போடுங்கள்.

பட்டை கட்டி (நம் வார்டில் பழைய கிளவுஸ்தான் பட்டை), விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்குத் துள்ளுவது நம்பகமானது. கீழ்த்தோலை இழுத்துப் பிடித்து, தாழ்வான கோணத்தில் நுழையுங்கள். ஊசியின் பின்னறையில் ரத்தம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டாம்: ஊசி முனை உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் முனை இன்னும் வெளியில் நிற்கும். கோணத்தை இன்னும் தாழ்த்தி இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னேறுங்கள். பிறகு ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் தள்ளுங்கள். இழுத்த ஊசியைத் திரும்பக் குழாய்க்குள் நுழைக்காதீர்கள். குழாய் உள்ளே வெட்டுப்பட்டுப் போகும். பட்டையை அவிழ்த்து, குழாய் முனைக்கு மேலே சிரையை அழுத்திக்கொண்டு ஊசியை எடுங்கள். ஒட்டிய பிளாஸ்திரியில் தேதி எழுதுங்கள்.

இரண்டு தடவை தவறினால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது குத்து உங்கள் தன்மானத்துக்காகப் போடுவது, நோயாளிக்காக அல்ல. கூப்பிட்டவர் போடும்போது ஃபோனைப் பார்க்காமல் அவர் கையைப் பாருங்கள். எங்கே உங்களிடமிருந்து மாறுகிறார்? பெரும்பாலும் அவர் சிரையைத் தேடுவதில் உங்களைவிட இரண்டு மடங்கு நேரம் செலவழிப்பார், குத்துவதில் பாதி நேரம்.

மறுநாள் காலை, நீங்கள் போட்ட கேனுலாக்களை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, மடக்கும் இடத்தில் போட்டதால் ஓடாமல் நிற்கிறதா? ஐந்து நிமிட வேலை. நான் முழங்கை மடிப்பில் போடுவதை விட்டது எந்தப் புத்தகத்தைப் படித்தும் அல்ல. ஒரு பெரியவர் ராத்திரி முழுக்கக் கையை நீட்டியபடியே விழித்துக் கிடந்ததைப் பார்த்துத்தான்.

ரத்தம் எடுப்பதிலும் இப்படித்தான். ரிப்போர்ட் விநோதமாக வந்தால் நோயாளியைப் பார்ப்பதோடு உங்கள் கையையும் சந்தேகியுங்கள். ட்ரிப் ஓடும் கையிலேயே எடுத்தால் சுகர் தாறுமாறாக ஏறியிருக்கும். ஊதா மூடிக் குழாயில் நிறைத்துவிட்டு, மிச்சம் போதவில்லை என்று அதிலிருந்து சிவப்பு மூடிக்குள் ஊற்றினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். ஊதாக் குழாயில் இருக்கும் ரசாயனத்தின் வேலை அது. நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பாமல் அனுப்பினால் ரத்த உறைவு நேரம் தப்பாக வரும். இவற்றை லேப் டெக்னீஷியனிடம் போய்க் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். யாரும் போய்க் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய குறை.

நோயாளி பேசும் தமிழ்

கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறோம். நோயாளி தமிழில் நோகிறார். இந்த இடைவெளியில்தான் நிறைய நோய்கள் தவறிப் போகின்றன.

"வாயு பிடிச்சிருக்கு" என்பவருக்கு வாயுவாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்காரர், சர்க்கரை உள்ளவர், மேல்வயிற்றைத் தடவியபடி, வேர்த்துப்போய் "கேஸ் ட்ரபிள் டாக்டர், ஒரு ஊசி போடுங்க" என்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். "நெஞ்சு கரிக்குது", "நெஞ்சு அடைக்குது", "நெஞ்சைப் பிடிக்குது" மூன்றும் வேறு வேறு. "கிறுகிறுன்னு வருது" என்றால் உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். "மதமதப்பு" வேறு, "மரத்துப் போச்சு" வேறு, "குடைச்சல்" வேறு. "அசதியா இருக்கு" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ரத்தசோகையும் இருக்கும், மன அழுத்தமும் இருக்கும். சமையலறைக்கும் மாட்டுத் தொழுவத்துக்குமாக நாலு மணி நேரத் தூக்கத்தில் ஓடும் வாழ்க்கையும் இருக்கும்.

அவர் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் விஷயம் பாதி உதிர்ந்துவிடும். என்ன நோய் என்று முடிவானபின் அந்தச் சொல்லைத் திரும்பப் பாருங்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் ஓர் அகராதியே சேர்ந்துவிடும்.

"வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். "என்ன மாத்திரை போடுறீங்க? எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். மஞ்சள் பைக்குள்ளிருந்து பிபி, சுகர், தைராய்டு எல்லாம் வரிசையாக வெளியே வரும். மாத்திரை சாப்பிடுவதால் நோய் இல்லை என்பது அவர்கள் கணக்கு; அதில் நியாயமும் இருக்கிறது. நாட்டு மருந்து, எண்ணெய், ஊசி போட்ட மெடிக்கல் ஷாப் எல்லாவற்றையும் கண்டிக்கும் முகமில்லாமல் கேளுங்கள். முகம் சுளித்த அடுத்த நொடி உண்மை நின்றுவிடும்.

பெண் மருத்துவர்களுக்கு ஒரு சொல். கோட்டும் ஸ்டெத்துமாக நின்றாலும் உங்களை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் வகுப்புப் பையனை "பெரிய டாக்டர்" என்பார்கள். எரிச்சல் வரும். "நான் டாக்டர், பேரு இது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது ஓரளவு உதவுகிறது.

மூச்சை எண்ணுங்கள்

ஒரு வார்டின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். சுவாச வீதம் என்ற இடத்தில் எல்லாருக்கும் 18. நாற்பது பேரும் தாளம் தப்பாமல் ஒன்றாக மூச்சு விடுவது போல. யாரும் எண்ணுவதில்லை என்று அர்த்தம்.

நீங்கள் எண்ணுங்கள். நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறும். பிபி விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு ஏறத் தொடங்கியிருக்கும். நிமிடத்துக்கு 28 என்று நீங்கள் எழுதிய ஒருவர் மாலையில் ஐ.சி.யூ.வுக்குப் போவதை ஒரு முறை பார்த்துவிட்டால் அதற்குப்பின் யாரும் சொல்லாமலே எண்ணுவீர்கள்.

கேஷுவால்டி

பயமாக இருக்கும். இருக்கட்டும். வருபவர்களை அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புவார்கள். பிரிப்பவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதற்கு முன் மனதுக்குள் நீங்கள் ஒரு நிறம் சொல்லுங்கள். மாறினால் ஏன் என்று கேளுங்கள். இலவசமான பரீட்சை அது, ஒரு ராத்திரிக்கு நூறு கேள்வி.

விபத்து, அடிதடி, விஷம் எல்லாவற்றுக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி உண்டு. பணி மருத்துவரின் மேற்பார்வையில் நீங்கள் எழுதுவீர்கள். யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, அடையாளத்துக்கு இரண்டு மச்சம். காயத்தின் நீள அகலம் சென்டிமீட்டரில், எந்த எலும்பிலிருந்து எவ்வளவு தூரம். "அண்ணன் வெட்டினான்" என்று எழுதாதீர்கள். "அண்ணனால் வெட்டப்பட்டதாகச் சொல்கிறார்" என்று எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு வக்கீல் அந்த வரியை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

பாம்புக் கடியை இங்கே கற்காவிட்டால் வேறெங்கும் கற்க முடியாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பல்லாண்டாகக் கொடுத்துவருகிறது. குப்பியைக் கையில் எடுக்கும்போது அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. எளிது என்று நினைத்துத்தான் நான் விழுந்தேன். ஒரு ராத்திரி வரப்பில் ஏதோ கடித்ததென்று ஓர் இளைஞர் வந்தார். கண்ணாடிக் குழாய் தேடக் கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குழாயில் எடுத்தேன். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. "உறையலை மேடம், மருந்து ஆரம்பிக்கலாமா?" என்று ஓடினேன். பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் மூத்த மருத்துவர்) கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் குழாய்?" கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது, பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் இதே ஏமாற்று நடக்கும். புதுக் கண்ணாடிக் குழாயில் திரும்ப எடுத்தோம், உறைந்தது. ஒவ்வாமை வரக்கூடிய ஒரு மருந்தைத் தேவையில்லாமல் ஏற்றாமல் தப்பினோம். ஆனால் அத்தோடு விட்டுவிடக் கூடாது: விஷம் மெதுவாகவும் ஏறலாம் என்பதால் அவரை வைத்திருந்து திரும்பத் திரும்பப் பார்த்தோம். மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். விடியற்காலையில் வயிற்று வலி என்று ஒருவர் வருகிறார். தரையில் படுத்துத் தூங்கியவர். கண் இமை தொங்குகிறது. உடம்பில் கடித்த தடமே இல்லை. கட்டுவிரியனாக இருக்கலாம். அதன் கடி வலிக்காது, வீங்காது. மூச்சுத் தசைகள் நிற்பதற்குள் நினைவுக்கு வர வேண்டிய பாம்பு அது.

மூத்தவரை அழைப்பது

இதைத் தனியாகப் பழக வேண்டும். "மேடம், ஒரு பேஷன்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காங்க" என்று ஃபோன் செய்தால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அவரும் ரெண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"மேடம், ஃபீமேல் மெடிக்கல் வார்டு ஹவுஸ் சர்ஜன் பேசறேன். 12ஆம் பெட், 58 வயசு அம்மா, நிமோனியான்னு நேத்து அட்மிட் ஆனவங்க. இப்ப பிபி 84/50, பல்ஸ் 124, மூச்சு 32, ஆக்சிஜன் போட்டும் சாச்சுரேஷன் 88. ஷாக்குக்குப் போறாங்கன்னு தோணுது. ஒரு பாட்டில் நார்மல் சலைன் ஓட விட்டிருக்கேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் மேடம்."

யார், எங்கே, என்ன நடந்தது, இப்போது எப்படி, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். கடைசி இரண்டையும் சொல்லத்தான் கூச்சப்படுவோம். தவறாக நினைத்திருந்தாலும் சொல்லுங்கள். அவர் வந்து திருத்தும்போதுதான் கற்கிறீர்கள். திட்டு விழுந்தால் விழட்டும். அழைக்காமல் விட்டு மாட்டிக்கொள்வதைவிட அழைத்துத் திட்டு வாங்குவது எந்த நாளும் மேல்.

ரவுண்ட்ஸும் எடுபிடி வேலையும்

"நாங்க படிச்சது சி.டி. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் கூடப் போறதுக்கா?" என்று எல்லா ஹவுஸ் சர்ஜன்களும் கேட்பார்கள். நானும் கேட்டேன். நியாயமான கேள்விதான், அந்த வேலைக்கு ஆள் போட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஆனால் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெறுமனே போய்வராதீர்கள். போகும் வழியில், மூளையில் ரத்தக் கசிவா அடைப்பா, எந்தப் பக்கம் என்று நோயாளியின் கை காலைப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். திரையில் படம் ஓடும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் ஒப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதும் அப்படித்தான்: சேர்ந்த நாளில் எழுதியிருந்த நோயும் போகும் நாளில் எழுதும் நோயும் ஒன்றா? இல்லையென்றால் எந்த நாளில், எதைக் கண்டு மாறியது? கேஸ் ஷீட்டில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

செய்முறைகளை யாராவது பார்த்துத் திருத்தினால்தான் கை சீராகும். லாக் புக்கில் கடைசி வாரம் மொத்தமாகக் கையெழுத்து வாங்குவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. "எப்படிப் பண்ணேன் சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் பண்ணே" என்பார்கள். ஒரே ஓர் இடத்தைச் சுட்டிக் கேளுங்கள்: "மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கப் போறேன், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்னு பாருங்க மேடம்." இரண்டு நிமிடம் நின்று பார்க்க யாரும் மறுக்க மாட்டார்கள்.

பிரசவ அறையில் ஒரு எச்சரிக்கை. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் அறிவது பழகப் பழகத்தான் வரும். அதற்காக ஒரே பெண்ணை நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டிய நேரத்தில் அவரிடம் சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு, நீங்கள் பாருங்கள், பி.ஜி. பார்த்துச் சொல்வதற்குள் உங்கள் எண்ணைத் தாளில் எழுதிவிடுங்கள். வலியில் கத்துபவரை அதட்டும் குரல்கள் அங்கே காதில் விழும். அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

நோட்டு

நான் வைத்திருந்தது பத்து ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம். நோயாளியின் பெயர் எழுதுவதில்லை, ஐ.பி. (உள்நோயாளி) எண் மட்டும். ஒவ்வொரு டியூட்டியிலும் மூன்றே பேர். அவர் சொன்ன சொல், நான் நினைத்தது, பிறகு ஒரு வெற்றிடம். இரண்டு நாள் கழித்து அந்த வெற்றிடத்தை நிரப்பப் போவேன். டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் ரெக்கார்டு செக்‌ஷன் வரைகூடப் போனதுண்டு. நிரப்பியபின் பொருந்தாதவற்றுக்குச் சிவப்புக் கோடு. மூன்று மாதத்தில் சிவப்புக் கோடுகள் எனக்கு ஒன்றைக் காட்டின: வயதானவர்களின் வயிற்று வலியை நான் தொடர்ந்து லேசாக எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

நோயாளியின் புகைப்படத்தையோ எக்ஸ்ரேயையோ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது கற்றல் இல்லை.

ஊசி உங்களைக் குத்தினால்

குத்தும். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மதிப்பிட்டு, தேவையென்றால் தடுப்பு மருந்தைத் தொடங்குவார்கள். முதல் வேளையை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். பெரும்பாலான குத்துகள் மூடியைத் திரும்பப் போடும்போதுதான் நடக்கின்றன. போடாதீர்கள், அப்படியே வெள்ளை டப்பாவுக்குள்.

முதல் மரணமும் வரும். உறவினரிடம் சொல்வது மூத்தவரின் வேலை. ஆனால் கூடப் போய் நில்லுங்கள். என்ன சொன்னார், எங்கே நிறுத்தினார், உட்கார வைத்தாரா என்று கவனியுங்கள். அன்று ராத்திரி சாப்பிடாமல் தூங்கப் போகாதீர்கள்.

கிராமத்துப் பன்னிரண்டு வாரம்

சமுதாய மருத்துவப் போஸ்டிங்கைப் பலரும் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் மடியில் கேள்வி வங்கியோடுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கிராம சுகாதார செவிலியர் அக்கா ஒருநாள், "வாங்க தம்பி, ரெண்டு வீடு பார்த்துட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும். சர்க்கரை எகிறி, மூச்சு வாங்கி, எங்கள் வார்டுக்கு இரண்டு தடவை வந்தவர். இரண்டாவது தடவை டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியதே நான்தான். "இன்சுலின் ஒழுங்காகப் போடுவதில்லை" என்று எழுதியிருந்தேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்று சொல்லியும் அனுப்பியிருந்தேன்.

"ஃப்ரிட்ஜு நம்ம வீட்ல ஏது தம்பி? முக்கு டீக்கடையில வச்சிருக்கேன். காலையில போய்ப் போட்டுக்குவேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையைச் சாத்திடுவாரு. அதான் ராத்திரி ஊசி சில நாள் தவறிப்போகுது."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு மண்பானையை எடுத்துவந்து, அடியில் ஈர மணலைப் பரப்பி, மருந்துக் குப்பியை மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதன் மேல் வைத்தார். "தினம் கொஞ்சம் தண்ணி தெளிங்க, வெயில் படாத மூலையில வைங்க" என்றார். நான் என் நோட்டை எடுத்து, நாலு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் அவருடைய ஐ.பி. எண்ணைத் தேடினேன். வெற்றிடம் அப்படியே இருந்தது.